சட்டைக்கு ஒன்றரைப் பக்கம், போனுக்கு ஒரு வரி: ஒரு தையல் அக்காவும் ஒரு பட்டன் போனும்

இந்த வருடம் மகளின் பாடசாலைக்காகக் காசு கொடுத்து வாங்கியவற்றில் இரண்டைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தது. ஒன்று வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் சீருடைத் தையல். மற்றது பத்தாயிரம் ரூபாய்க்குள் எடுத்த நோக்கியா 105, அதாவது நாங்கள் எல்லாரும் பட்டன் போன் என்று சொல்லும் சாமான். இரண்டும் பாடசாலை டயறியில் இருக்கும் விதிகளைப் பார்த்து வாங்கியவை, அதனால்தான் சேர்த்து எழுதுகிறேன், அந்த விதிகளைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

மகள் பத்தாம் ஆண்டு. கொழும்பில் ஒரு அரசாங்கப் பெண்கள் பாடசாலை, பெயர் வேண்டாம், தெரிந்த அம்மாமாரிடம் விசாரித்தால் அவர்களுடைய பிள்ளைகள் படிக்கும் இடங்களிலும் கதை அநேகமாக இதுதான். டயறியில் சீருடைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். சட்டை முழங்காலுக்குக் கீழே எத்தனை அங்குலம் இறங்க வேண்டும், கை எங்கே முடிய வேண்டும், இடுப்புப் பட்டி என்ன அகலம், மடிப்பு எத்தனை, ரிபன் என்ன நிறம், தோடு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும், சொக்ஸ் கணுக்காலுக்கு மேலே எவ்வளவு தெரிய வேண்டும், எல்லாம் இருக்கிறது. போனுக்கு ஒரே வரி: கைத்தொலைபேசி உட்பட எந்த இலத்திரனியல் உபகரணமும் பாடசாலைக்குக் கொண்டுவருவது முற்றாகத் தடை. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

முதலில் தையல். புறக்கோட்டைக்குப் போனால் வெள்ளைச் சட்டை ரெடிமேடாகவே மலிவாக எடுக்கலாம், இரண்டு மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு அதுதான் தோது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் மகள் வயதுக்கு உயரம் கூட, உடம்பு மெலிவு. நீளம் சரியாக இருக்கிற ரெடிமேட் சட்டை தோளில் தொங்கும், தோள் சரியாக இருப்பது முழங்காலுக்கு மேலே நிற்கும். போன வருடம் வாசலில் அடிமட்டத்தை வைத்து அளந்து, இரண்டு முறை டயறியில் குறிப்பு எழுதி அனுப்பினார்கள். பிள்ளை வளர்ந்ததற்கு டயறியில் சிவப்பு மையா என்று எனக்கு அன்றைக்கு நல்ல கோபம்.

இந்த அக்காவிடம் போனதும் அவர் அளவுநாடாவை எடுக்கவில்லை, டயறியைக் கேட்டார். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் நாலைந்து பாடசாலைகளின் சீருடைப் பக்கங்களைப் போட்டோ கொப்பி எடுத்து ஒட்டி வைத்திருக்கிறார், எங்களுடையது பழைய பதிப்பு, புதியதில் பட்டியின் அகலம் மாறியிருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். பிறகு மகளைச் சப்பாத்தோடு நிற்க வைத்து அளந்தார், ஏனென்றால் வாசலில் அளக்கும்போது பிள்ளை சப்பாத்தோடுதானே நிற்கும். "வளருற வயசு, தங்கச்சி. கீழ மூண்டு இஞ்சி உள்ளுக்கு மடிச்சு விடுறன், தவணைக்குத் தவணை கொண்டு வாங்கோ, அவிழ்த்துத் தாறன்" என்றார். அவிழ்த்துத் தைப்பதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. இடுப்பிலும் இரண்டு பக்கமும் விட்டுத்தான் தைத்திருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது பொக்கெட். வெள்ளைத் துணியில் பொக்கெட்டுக்குள் இருப்பது எல்லாம் வெளியே தெரியும், பத்து ரூபாய்க் குற்றி கூட வட்டமாகத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு மாதத்தில் சில நாள் பொக்கெட்டில் வைக்க வேண்டியது இருக்கும், அதை வகுப்பறைக்கு வெளியே கொண்டு போக அவர்கள் படும் கூச்சம் அம்மாமாருக்குத் தெரியும். அக்கா பொக்கெட்டை வலது பக்கத் தையலுக்குள்ளே போட்டு, அதற்கு இரட்டைத் துணி வைத்துத் தைக்கிறார். வெளியே ஒன்றும் தெரியாது, விதியிலும் இடிக்காது. இதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, அவராகவே எல்லாச் சட்டைக்கும் இப்படித்தான் செய்கிறார்.

துணி பற்றி ஒரு விஷயம். 1993இலிருந்து அரசாங்கம் மாணவர்களுக்கு இலவசமாகச் சீருடைத் துணி கொடுக்கிறது, நடுவில் சில வருடம் வவுச்சர் கொடுத்தார்கள், பிறகு மறுபடியும் துணியே வந்தது, 2025ஆம் ஆண்டுக்குரிய துணி முழுவதும் சீனா நன்கொடையாகக் கொடுத்தது. கொழும்பில் பலர் அதை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டுக் கடையில் வேறு எடுப்பார்கள். நான் ஒரு சட்டைக்கு அந்தத் துணியையே கொடுத்தேன், மற்றதற்குப் பருத்தி கூடக் கலந்த துணி எடுத்தேன், கொழும்பின் புழுக்கத்துக்கு பொலியெஸ்டர் குறைந்தால் நல்லது என்று. தைத்து வந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது, அவ்வளவு ஒழுங்காக அயர்ன் பண்ணி மடித்துத் தந்தார்.

குறையும் உண்டு. சொன்ன நாளுக்குக் கிடைக்காது. டிசம்பரில் நத்தார் வேலைகளும் சேர்ந்து வரும், "நாளைக்கு வாங்கோ" என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போகும். பொத்தான்களை மெஷினில்தான் தைக்கிறார், வீட்டில் ஒருமுறை கையால் இறுக்கிக்கொள்ள வேண்டும். கூலியும் ரெடிமேட் விலையை விடக் கூட. ஆனால் ஒரு சட்டை மூன்று தவணையும் ஓடினால் கணக்குப் பார்த்து நான் அதைத்தான் எடுப்பேன். அக்கா பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னார், கையில் இருக்கிற வேலையே போதுமாம். வெள்ளவத்தைக்காரர்கள் நாலு வீட்டில் விசாரித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சரி, போன்.

பாடசாலை ஒன்றரைக்கு விடும். ரியூசன் பம்பலப்பிட்டியில் மூன்று மணிக்கு. நானும் கணவரும் வேலையில். மகள் காலி வீதியில் நூறோ நூற்றியொன்றோ எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறிப் போய், ஐந்தரைக்கு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வர வேண்டும். பாதி நாள் வகுப்பு நேரம் மாறும், மழை என்றால் காலி வீதி அப்படியே நிற்கும், சில நாள் ரியூசன் சேர் வரவே மாட்டார். அந்த நாலு மணித்தியாலம் பிள்ளை எங்கே என்று தெரியாமல் ஒபிசில் உட்கார்ந்திருப்பது லேசான காரியம் இல்லை. ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுக்கவும் எனக்கு மனம் இல்லை. விலை ஒரு பக்கம். பஸ்ஸில் பிள்ளை தலையைக் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு வருவாள் என்பது இன்னொரு பக்கம். டிக்டொக்கைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் பட்டன் போன். கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் எடுத்தோம். வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒன்று செய்யுங்கள்: ஸ்டார் ஹாஷ் பூச்சியம் ஆறு ஹாஷ் அடித்தால் பதினைந்து இலக்க ஐஎம்ஈஐ எண், அதாவது அந்தப் போனுக்கு மட்டும் உரிய அடையாள எண், வரும், பெட்டியில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள், பிறகு ஆங்கில எழுத்தில் ஐஎம்ஈஐ என்று அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். 2025 ஜனவரி கடைசியிலிருந்து பதிவில்லாத புதுப் போன்களுக்கு இங்கே வலையமைப்பு கிடைக்காது என்று அறிவித்திருக்கிறார்கள், சின்னப் போன்தானே என்று அசட்டையாக இருந்தால் காசு போய்விடும்.

போன் எப்படி? திரை 1.8 அங்குலம். பட்டரி 1000 எம்ஏஎச், ஸ்மார்ட் போனோடு பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் இதில் சார்ஜைக் குடிக்க எதுவுமே இல்லையே, ஞாயிற்றுக்கிழமை இரவு சார்ஜ் போட்டால் பாடசாலை வாரம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது. டோர்ச் இருக்கிறது, கரன்ட் போகும் நேரத்தில் வீட்டில் முதலில் தேடுவது இதைத்தான். எஃப்எம் இருக்கிறது. கமரா கிடையாது, அது எனக்குப் பெரிய நிம்மதி, பெண்கள் பாடசாலையில் போன் என்றாலே ஆசிரியர்கள் பயப்படுவது படம் எடுப்பதற்குத்தான். கீழே விழுந்தால் எடுத்துத் தட்டிவிட்டுப் பேசலாம், படிக்கட்டில் உருண்டும் ஒன்றும் ஆகவில்லை. மாதத்துக்கு ஒரு சின்ன ரீலோட் போதும்.

எஸ்எம்எஸ் அடிப்பதுதான் வேலை. ஒரு பட்டனை மூன்று தரம் அழுத்தி ஒரு எழுத்து எடுக்கிற பழக்கம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இல்லை. மகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள்: ரியூசனுக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு மிஸ்ட் கோல், வகுப்பு முடிந்து பஸ் ஏறினால் இரண்டு. பேச வேண்டியது இருந்தால்தான் எடுத்துப் பேசுவாள். அம்மா, அப்பா, பெரியம்மா, வான் அங்கிள், அப்புறம் பொலிசின் 119, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929, அம்புலன்ஸுக்கு 1990, இவ்வளவும் முதலிலேயே பதிந்து கொடுத்தேன். 1929 என்றால் என்ன, எந்த மாதிரி நேரத்தில் எடுக்கலாம் என்று உட்கார வைத்துச் சொல்லியும் கொடுத்தேன், பஸ்ஸில் போய் வருகிற பெண் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இதில் செய்ய முடியாதவை: பிக்மீ செயலியில் ஆட்டோ கூப்பிட முடியாது, நான் என் போனில் கூப்பிட்டு ஆட்டோ நம்பரை அவளுக்குச் சொல்ல வேண்டும். எங்கே நிற்கிறாள் என்று மெப்பில் பார்க்க முடியாது. வட்ஸ்அப் இல்லை, இது நினைத்ததை விடப் பெரிய பிரச்சினை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது பாடங்கள் எல்லாம் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின, 2022இல் எரிபொருள் இல்லாத நாட்களில் மறுபடியும் அதே. அப்போது ஸ்மார்ட் போன் வாங்கச் சொன்னதே பாடசாலைகள்தான், சில வீடுகளில் நகையை அடகு வைத்து வாங்கினார்கள். பாடசாலை திறந்தது, வகுப்பு வட்ஸ்அப் குழு மூடவில்லை. இன்றைக்கும் விஞ்ஞானக் குறிப்பு அதில்தான் வருகிறது, நாளைக்கு எந்தப் புத்தகம் கொண்டுவர வேண்டும் என்பதும் அதில்தான் வருகிறது. அது என் போனுக்கு நாலு மணிக்கு வரும், நான் வீட்டுக்கு வர ஆறரை, அதற்குப் பிறகுதான் மகள் எழுதத் தொடங்குவாள். பாடசாலைக்குள் போன் முற்றாகத் தடை என்று எழுதுகிற பாடசாலை, வீட்டுப்பாடத்தை மட்டும் போனில் அனுப்பினால், சொந்தப் போன் வைத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு நியாயம், இல்லாத பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடுகிறது. கரும்பலகையில் இரண்டு வரி எழுதிவிட்டால் தீரும்.

இனி அந்த ஒரு வரி விதி. அதை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் கல்குலேட்டரும் இலத்திரனியல் உபகரணம்தான், டிஜிட்டல் கைக்கடிகாரமும்தான். மேல் வகுப்பில் கணக்கியல் படிக்கிற ஒரு பிள்ளையின் கல்குலேட்டரை ஒரு மாணவத் தலைவி வாங்கி வைத்து, பிறகு பாட ஆசிரியை போய் எடுத்துக் கொடுத்தாராம். நடக்கிற அடிகளை எண்ணுகிற கைப்பட்டி கட்டிய பிள்ளைக்கு ஒரு மிஸ் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மிஸ் கழற்றச் சொன்னார். எழுதாத இடத்தை ஆளுக்கு ஒரு மாதிரி நிரப்புகிறார்கள், பிள்ளைகள் யார் எப்படி என்று பார்த்து நடக்கப் பழகுகிறார்கள். மகளுக்கு முள் ஓடுகிற சாதாரண கசியோ ஒன்று வாங்கினேன். சாதாரண தரப் பரீட்சை மண்டபத்துக்குள் போனும் ஸ்மார்ட் கடிகாரமும் கொண்டு போக முடியாது, இப்போதே முள்ளைப் பார்த்து நேரம் பிரித்து எழுதப் பழகட்டும் என்று. நல்ல கடிகாரம், வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

பட்டன் போனை என்ன செய்வது? பொக்கெட்டில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும், பேக்கில் வைத்தால் சோதனையில் அகப்பட்டால் தவணை முடியும் வரை தர மாட்டார்கள். நான் ஒளித்து வைத்துக்கொண்டு போ என்று என் பிள்ளைக்குச் சொல்ல மாட்டேன். ஸ்போர்ட்ஸ் பேக்கின் அடியில், சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே என்று ஸ்மார்ட் போனையே கொண்டு போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசிரியர்களுக்கும் தெரியும். எனக்கு அது வேண்டாம். பகுதித் தலைவி மிஸ்ஸைப் போய்ச் சந்தித்தேன். ரியூசன் நேர அட்டவணை, பஸ், நாங்கள் இருவரும் வேலை என்று எல்லாம் எழுதிய கடிதத்தைக் கொடுத்து, போனை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "கமரா இல்லையா?" என்று கேட்டார். இல்லை மிஸ் என்றேன். காலையில் ஒபிசில் கொடுக்கட்டும், ஒன்றரைக்கு எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். அங்கே ஒரு தட்டில் பெயர் எழுதிய கடித உறைகள் ஏற்கெனவே இருந்தன. ஏழெட்டுப் பிள்ளைகளின் போன்கள்.

அந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒபிசில் இருக்கிற அம்மா உறையைப் பார்த்துத்தான் கொடுப்பார், ஒருநாளும் மாறவில்லை, காலையில் ஐந்து நிமிடம் முன்னுக்குப் போனால் போதும். பிள்ளைக்கும் நிம்மதி, ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தத் தட்டைப் பார்த்ததிலிருந்துதான் எனக்கு மனம் ஆறவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று டயறியில் எங்கேயும் இல்லை. அரை நாள் லீவு போட்டு வந்து, கடிதம் எழுதி, மிஸ்ஸின் முன்னால் உட்கார்ந்து பேசத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கு உறை கிடைக்கிறது. அதே வகுப்பில் ஒரு பிள்ளை மட்டக்குளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள், தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை, அம்மம்மாவோடு இருக்கிறாள். என் மகளை விட அவளுக்குத்தான் ஒரு போன் தேவை. அவளுக்காக யார் லீவு போட்டு வருவது? அந்த அம்மம்மா டயறியில் முற்றாகத் தடை என்று வாசித்தால் அதோடு சரி, பிள்ளை போன் இல்லாமலேயே வரும்.

ஒழுங்கான விதி எழுதுவது கஷ்டமான காரியம் இல்லை. என் தங்கையின் மகன் மெல்பேர்னில் படிக்கிறான். அங்கே விக்டோரியா மாநில அரசப் பாடசாலைகளில் 2020இலிருந்து போனை அணைத்துப் பத்திரமான இடத்தில் வைத்துவிட வேண்டும், முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை தொடக் கூடாது. கொண்டு வராதே என்று சொல்லவில்லை, தொடாதே என்று சொல்கிறார்கள், எங்கே வைப்பது என்றும் சொல்கிறார்கள், நோய்க்காகத் தேவைப்படுகிற பிள்ளைக்கு விலக்கும் உண்டு. பிரான்ஸ் 2018இல் சட்டமாகவே போட்டது. 2023இல் யுனெஸ்கோ அறிக்கையும் படிப்புக்கு உதவுகிற இடத்தில் மட்டும் வகுப்பறையில் போனைப் பாவிக்கலாம் என்றுதான் சொன்னது. வகுப்புக்குள் போன் வேண்டாம் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, நான் தடைக்கு எதிராக எழுதவில்லை. என் பிள்ளை பாடத்தைக் கவனிக்க வேண்டும், இடைவேளையில் கூட்டாளிகளோடு ஓடி விளையாட வேண்டும். நான் கேட்பது பாடசாலை வாசலுக்கு வெளியே இருக்கிற நேரத்தைப் பற்றி.

சீருடை விதியையும் எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் என்ன உடுப்பது என்ற சண்டை எங்கள் வீட்டில் இல்லை, காசு உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் வெள்ளைச் சட்டையில் ஒன்றாக நிற்கும், அது பெரிய விஷயம். அதில் குறைக்க வேண்டியது அடிமட்டத்தை மட்டும்தான். பத்தாம் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு தவணைக்குள் எத்தனையோ வளர்வார்கள், இரண்டு அங்குலம் ஒன்றரை ஆனதற்கு வாசலில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தக் கூடாது, வீட்டுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுக்கலாம்.

மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்பீர்கள். முதல் வாரம் ரியூசனில் பட்டன் போனை வெளியே எடுக்கவே கூச்சப்பட்டாள், ஒரு பிள்ளை "உன்ர அம்மம்மாட போனா?" என்று கேட்டதாம். வீட்டுக்கு வந்து கண் கலங்கினாள். நான் மாற்றித் தரவில்லை. பதினோராம் ஆண்டு பரீட்சை முடிய வேறு போன் பற்றிப் பேசுவோம் என்று சொன்னேன், அதை அவளும் ஏற்றுக்கொண்டாள். இப்போது அதே கூட்டத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளிடம் பட்டன் போன் இருக்கிறது, அவர்களின் அம்மாமார் என்னிடம் விலை கேட்டுத்தான் வாங்கினார்கள். பாடசாலை முடிந்து தனியாகப் போய் வருகிற பிள்ளைக்கு இதை வாங்கலாம். வீட்டில் பெரியவர்கள் போனில் வீட்டுப்பாடம் பார்க்க முடிகிற வீடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்ஸ்அப் இல்லாமல் கஷ்டம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து எழுதியிருக்கிறோம். கமரா இல்லாத போனைக் காலையில் ஒபிசில் கொடுத்து மாலையில் எடுக்கலாம், விண்ணப்பப் படிவம் டயறியிலேயே இருக்கும், தாய் தகப்பன் வர முடியாவிட்டால் பாதுகாவலர் கையெழுத்துப் போதும், கல்குலேட்டரும் சாதாரண கடிகாரமும் தடையில் சேராது, வீட்டுப்பாடம் வகுப்பிலேயே எழுதப்படும். அரைப் பக்கம்கூட வராது. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் இந்த மாதிரி எழுத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், கூட்டத்தில் காட்ட உதவும்.